இழுத்தால் இறுகாத முடிச்சு

பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது மேல்கம்பியைப் பிடித்திருக்கும் கைகளைத்தான் நான் பார்த்துக்கொண்டு வருவேன். என் வயசுக்காரர்களுக்கு இடம் கொடுக்கச் சொல்லி எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் செல்போனைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். போகட்டும், நின்றால் கைகளாவது தெரிகிறது. பாண்டியிலிருந்து மரக்காணம் போகிற பஸ்ஸில் சிவப்புக் கயிறு இல்லாத கையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். காலேஜ் பையன், மீன்கூடைக்காரம்மா, கண்டக்டர் என்று எல்லார் மணிக்கட்டிலும் இருக்கிறது. சிலருக்குப் புதுசாக, சிலருக்கு வெளுத்து அழுக்கேறி. எந்தச் சாமி என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. என் பேரனைக் கேட்டேன். "சும்மா ஸ்டைலுக்கு ஆயா" என்றான்.

நான் காலமெல்லாம் தையல் மிஷின் மிதித்தவள். கயிற்றைப் பார்த்தால் என் கண் முடிச்சுக்குப் போகும். பஸ்ஸில் பார்க்கிற முடிச்சு எல்லாம் ஒரே ரகம். முனையைப் பிடித்து இழுத்தால் இறுகிக்கொள்ளும். நான் தேடுவது வேறு ஒரு முடிச்சு. அதைச் சின்ன வயசில், ஒரு உப்புக் காலத்தில் பார்த்தேன். பேய்க்கதை சொல்ல வந்துவிட்டாள் கிழவி என்று நீங்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள். உங்களை நம்பச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

எங்களுக்குச் சொந்த ஊர் பெருமுக்கல் மலைக்குக் கீழே. கடலைக்காய் போடுகிற குடும்பம். வானம் பார்த்த பூமி, வானமோ எங்களைப் பார்க்கவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தவர் ஒருவர் மரக்காணத்து உப்பளத்தில் மேஸ்திரி வேலை வாங்கிக் கொடுத்தார். பொங்கல் முடிந்த கையோடு அம்மா, அப்பா, நான், தம்பி, அப்பாவின் அக்காவான அத்தை எல்லோரும் சட்டி பானையோடு வந்து இறங்கினோம். உப்பளத்து ஓரத்தில் கரைமேல் ஒரு ஓட்டு வீடு கொடுத்திருந்தார்கள். அதற்கப்பால் பாத்திகள்தான். கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீரும் வெள்ளையும். ஒரு மரம் கிடையாது. மரம் இல்லாததால் காக்காயும் கிடையாது.

உப்பளத்தில் வேலை இருட்டோடு ஆரம்பித்துவிடும். ஆண்கள் பலகையால் உப்பை இழுத்துக் குவிப்பார்கள், பெண்கள் கூடையில் வாரித் தலையில் சுமந்து கரைக்குக் கொண்டுவந்து கொட்டுவார்கள். வெயில் ஏறுவதற்குள் எல்லோரும் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு அங்கே ஒரு ஈ காக்காய் இருக்காது. நாம் எல்லாம் பேய் பிசாசு என்றால் இருட்டைத்தானே சொல்வோம். உச்சி வெயிலில் உப்பளத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நிழல் காலுக்குள் போய்விடும். தூரத்தில் நிற்கிற உப்புக் குவியல் அசைகிற மாதிரி இருக்கும். பாத்தியில் உப்புப் பூக்கும்போது ஒரு மெல்லிய சத்தம் கேட்கும், யாரோ பல்லால் நூலைக் கடிப்பது மாதிரி. நான் அந்த நேரத்தில் வெளியே வரவே மாட்டேன்.

வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு கிணறு இருந்தது. பாத்திகளுக்கு உப்புத்தண்ணீர் இறைக்கிற கிணறு. கைப்பிடிச் சுவர் இல்லை, தரையோடு தரையாக வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். முன்பு அதில் ஏற்றம் வைத்து இறைத்தார்களாம். எண்ணெய் இன்ஜின் வந்ததும் ஏற்றத்தைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள், அது நின்ற மரக்கால் மட்டும் அப்படியே நட்டுக்கிடந்தது. வந்த அன்றைக்கே அம்மா அதைப் பார்த்துவிட்டு, "செவுரு ஒண்ணு எழுப்பச் சொல்லக் கூடாதா?" என்றாள். "மொதலாளி காதுல போட்ருக்கேன்" என்றார் அப்பா. முதலாளியின் காதும் ஒரு கிணறுதான்.

அம்மா பயந்ததற்குக் காரணம் இருந்தது. எனக்குப் பிறகு பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. தம்பி பிறந்ததும் தவிட்டுக்கு விற்று வாங்கி, மூக்குக் குத்தி, சாவு இவனைக் கண்டுகொள்ளாமல் போக என்னென்ன உண்டோ எல்லாம் செய்தார்கள். அவனுக்கு அப்போது நாலு வயசு இருக்கும். சொன்ன இடத்தில் நிற்காத பிள்ளை. நுங்கு வண்டி ஒன்று வைத்திருந்தான், நுங்கு தின்று போட்ட பனங்காய்க் கூட்டைச் சக்கரமாகக் கோத்துக் குச்சி செருகியது. தூங்கும்போதும் அதைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவான்.

பங்குனி வெயிலில் ஒரு சாயங்காலம் அம்மா அவனைக் குளிப்பாட்ட உட்கார வைத்தாள். வலது மணிக்கட்டில் ஒரு சிவப்புக் கயிறு இருந்தது. கயிறு என்று சொல்வதைவிட முறுக்கிய நூல் என்று சொல்லலாம். ஒரு முனை மட்டும் நீளமாகத் தொங்கியது, நுனி பிய்ந்திருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. அம்மா இன்னும் அவன்மேல் ஒரு சொம்பு தண்ணீர்கூட ஊற்றவில்லை.

"யாருடா கட்னது?"

"அக்கா."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"இவ இல்ல" என்றான் தம்பி. "அந்த அக்கா." கையை நீட்டிப் பாத்திகளைக் காட்டினான். அங்கே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை.

அத்தை ஓடிவந்தாள். எங்கள் அத்தைக்கு உலகத்தில் தானாக நடப்பது என்று எதுவும் கிடையாது. பால் திரிந்தாலும் அதற்கு ஒரு ஆள் இருப்பாள். "வெறுங்கையால தொடாத" என்று அம்மாவைத் தள்ளிவிட்டு, அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் சவரப் பிளேடால் அறுத்து எடுத்தார். அத்தை அதை ஒரு காகிதத்தில் மடித்து வைத்தாள். நாலைந்து நாள் கழித்து மறுபடி ஒன்று. அதையும் அறுத்தார்கள். அடுத்த வாரமும் வந்தது. மத்தியானத்தில் எல்லோரும் கண் அயர்கிற நேரத்தில்தான் அது வருகிறது என்று அம்மா கண்டுபிடித்தாள். அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. சோறும் இறங்கவில்லை.

அப்பா மட்டும், "எந்தக் கோயில் கயிறோ, எவனோ ஆசையா கட்டிருப்பான். எதுன்னு கேட்டுட்டு வந்தா மனசு ஆறும்" என்றார். அம்மா காகிதப் பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டு, தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். எனக்குப் பரீட்சை முடிந்து லீவு, நானும் ஒட்டிக்கொண்டேன். அந்தக் கோடையில் நாங்கள் போன இடங்களைப் பார்த்தால் எம்மதமும் சம்மதம் என்று ஒரு ஊர்வலம் விட்ட மாதிரி இருக்கும். பயம் வந்தால் அம்மாக்களுக்கு எல்லாச் சாமியும் ஒன்றுதான்.

முதலில் எங்கள் ஊர் அம்மன் கோயில் பூசாரி. அவர் நூலை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"நம்ம கயிறுன்னா மஞ்சத் துண்டு இருக்கும்மா. காப்புக் கட்னா அம்மனுக்குப் பத்திரம் எழுதிக் குடுத்தாப்ல. ஊர் எல்லையத் தாண்டக் கூடாது. செவப்பு எதுக்குன்னு நெனைக்கிற? ரத்தம். ரத்தத்துக்குப் பதிலா இந்த நூல வச்சுக்கோ தாயின்னு கட்றது." முடிச்சை ஒரு இழுப்பு இழுத்தார். "இது என்னாது, இழுத்தா இறுக மாட்டேங்குது? சாமி கயிறு இறுகணும். இது நம்மளுது இல்ல."

அவர் ஒரு கயிறு கட்டினார். தம்பியின் இடது கையில்.

அடுத்தது மரக்காணத்தில் மாதா கோயில். அங்கே கோயில்பிள்ளை மெழுகுவர்த்திக் கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிப் பார்த்தார்.

"நாங்க கட்றதுல சுரூபம் ஒண்ணு கோத்திருப்போம்மா. திருவிழாவுல மாதா பாதத்துல வச்சுத் தருவோம். செவப்புக் கயிறுக்கு எங்களுக்கும் ஒரு கதை உண்டு. சன்னல்ல செவப்புக் கயிறு தொங்குன வீட்ட எதிரிப் படை தொடாம விட்டுட்டுப் போச்சுன்னு பைபிள்ல படிச்சிருக்கேன். அது உள்ள இருக்கறவங்களக் காப்பாத்தக் கட்டுன கயிறு." பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தார். "இது எங்களுது இல்ல. ஆனா கெட்டது மாதிரியும் தோணல." அவரும் ஒரு சிவப்பு நாடாவில் மாதா உருவம் போட்ட சின்னச் சுரூபம் கோத்துக் கொடுத்தார். இடது கை இரண்டாவது.

கடைசியாகக் கோட்டக்குப்பத்துக்கு பஸ் ஏறினோம். பள்ளிவாசல் பக்கத்தில் ஒரு ஹஜ்ரத் குழந்தைகளுக்கு ஓதிப் பார்ப்பார், எல்லா ஜாதிக்காரர்களும் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அம்மா நூலின் நிறத்தைப் பற்றிக் கேட்டாள். அவர் சிரித்தார். "கலர் கடைக்காரன் குடுக்கறதும்மா. கயிறுல ஒண்ணும் இல்ல, ஓதற துவாவுலதான் எல்லாம். ஒவ்வொரு முடிச்சுக்கும் ஓதி ஊதுவோம், அதனால முடிச்சு நெறைய இருக்கும். இதுல ஒண்ணுதான் இருக்குது."

பிறகு அவர் சிரிக்கவில்லை. நூலைக் கண்ணருகே கொண்டுபோய், முடிச்சை நகத்தால் நிமிண்டினார்.

"இது பெரியவங்க போட்ட முடிச்சு இல்லம்மா. எங்க வெரலு நொழையாது இதுல. ரொம்பச் சின்ன வெரல் போட்டது."

திரும்பி வருகிற பஸ்ஸில் அம்மா தம்பியை மடியைவிட்டு இறக்கவில்லை. ஹஜ்ரத் ஓதிக் கட்டினதையும் சேர்த்து அவன் இடது கையில் மூன்று கயிறு, அவன் அதை ஆட்டி ஆட்டி விளையாடிக்கொண்டு வந்தான். நான் அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது யோசித்தால் ஒன்று தோன்றுகிறது. பூசாரி, கோயில்பிள்ளை, ஹஜ்ரத் மூன்று பேருக்கும் அது தங்களுடையது இல்லை என்று தெரிந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவர்களுக்கு வெட்கமும் இல்லை. எங்கள் வீட்டில்தான் எல்லாம் தெரிந்த ஒருத்தி இருந்தாள்.

நாங்கள் வருவதற்குள் அத்தை ஆளைப் பிடித்து வைத்திருந்தாள். உப்பு சுமக்கிற பெண்களில் ஒருத்தி. ஒல்லியாக, யாரோடும் பேசாமல் வந்துபோவாள். அவளுடைய மகள் போன வருஷம் அதே கிணற்றில் விழுந்து செத்துப்போனாளாம். அதுவரை யாரும் எங்களிடம் அதைச் சொல்லவில்லை. இந்தப் பெண் சுமையோடு எங்கள் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் நின்று தம்பியைப் பார்ப்பாள் என்பதை அத்தை கவனித்திருக்கிறாள். போதாதா? தன் பிள்ளை போன வயிற்றெரிச்சல், மேஸ்திரி வீட்டு ஆண் பிள்ளைமேல் கண், கயிறு கட்டி இழுக்கிறாள். அத்தைக்குக் கணக்கு நேராகிவிட்டது.

மறுநாள் காலையில் அவளைக் கரைமேல் நிறுத்தினார்கள். தலையில் கூடை வைக்கிற சும்மாட்டுத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். காலெல்லாம் உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது. மற்ற பெண்கள் கூடையை இறக்கிவிட்டுத் தள்ளி நின்றார்கள். அத்தை பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினாள்.

"இத நீதான கட்ன?"

அவள் குனிந்து பார்த்தாள். பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் கட்லீங்க. இது எம் பொண்ணு போட்ற முடிச்சு."

 அவளே சொன்னாள். குரல் ரொம்ப மெதுவாக வந்தது. "நாங்க உப்பு வார்றப்ப எல்லார் கொழந்தைங்களையும் அவதாங்க பாத்துப்பா. கெணத்தாண்ட போவாம இருக்க, அந்த ஏத்தக்கால்ல கட்டி வைப்பா. செவப்புப் பாவாட ஒண்ணு வச்சிருந்தா, அதுலேந்து நூல் உருவி முறுக்கிப்பா. புள்ளைங்க இழுத்தா கை நோவக் கூடாதுன்னு இந்த மாரி முடிச்சு. இழுத்தா இறுகாது. அந்தப் பாவாடையோடதான் போனா."

பிறகு அம்மாவைப் பார்த்தாள். "அவ கட்றான்னா உங்க புள்ள அங்க போவுதுன்னு அர்த்தங்க. புள்ளையப் பாத்துக்குங்க. கெணத்தாண்ட வுடாதீங்க."

"பாத்தியா, பாத்தியா! நான் சொன்னப்ப நம்பல, இப்ப அவ வாயாலயே மெரட்றா!" என்று அத்தை கத்தினாள். அப்பாவின் முகம் இறுகிவிட்டது. நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார்.

அவள் வேலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து நின்று அம்மாவிடம் இரண்டு கையையும் ஏந்தினாள். "அந்த நூல எனக்குக் குடுத்துடுங்கம்மா. அவளோடது எங்கிட்ட ஒண்ணுமே இல்ல."

அம்மாவின் கை நீண்டதை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். பொட்டலத்தை நோக்கி நீண்டது, அத்தை மணிக்கட்டைப் பிடித்து அமுக்கிவிட்டாள். அம்மா கையை இழுத்துக்கொண்டாள். அந்தப் பெண் கொஞ்ச நேரம் ஏந்தின கையோடு நின்றாள். பிறகு சும்மாட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கரைமேலேயே நடந்து போனாள். வெள்ளை வெயிலில் அவள் கால் முதலில் மறைந்தது, பிறகு உடம்பு.

அன்று சாயங்காலம் அத்தை உப்பு, மிளகாய், கடுகோடு அந்த நூல்களையும் சேர்த்துத் தம்பியைச் சுற்றி அடுப்பில் போட்டாள். உப்பு வெடித்தது. மிளகாய்க்கு நெடியே இல்லை. "பாருங்க, அம்புட்டுக் கண்ணு!" என்றாள். கடற்காற்றில் நமத்துப்போன போன வருஷத்து மிளகாய், அது பாயசத்தில் போட்டாலும் நெடி வராது. நூல் மட்டும் சீக்கிரம் எரியவில்லை. உப்பு ஊறின நூல், கங்குக்கு நடுவில் சுருண்டு நெளிந்துகொண்டு ரொம்ப நேரம் கிடந்தது. அம்மா அடுப்படியைவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் கயிறு வரவில்லை. அத்தை நடையே மாறிவிட்டது, ஊரைக் காப்பாற்றிய நடை. அம்மா கண் குழிந்து கிடந்ததால், "நீ தூங்கு, நான் பாத்துக்கறேன்" என்று மத்தியானக் காவலை அவளே ஏற்றுக்கொண்டாள்.

சித்திரைக் கடைசி. காற்று அடியோடு நின்றுபோன ஒரு மத்தியானம். நான் பாயில் படுத்துக்கொண்டு ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நூல் கடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திடீரென்று நின்றுவிட்டது. அதில்தான் விழித்ததாக அம்மா பின்னால் சொல்வாள், சத்தத்தில் இல்லை, சத்தம் நின்றதில். அத்தை வாசற்படியில் தலையைச் சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். தம்பி இல்லை. நுங்கு வண்டியும் இல்லை.

அம்மா கூப்பிடவில்லை, கத்தவில்லை. ஓடினாள். கரையைச் சுற்றிக்கொண்டு போக நேரமில்லை என்று பாத்திக்குள்ளேயே இறங்கி ஓடினாள். பூத்திருந்த உப்புப் பொருக்கு அவள் காலடியில் கண்ணாடி மாதிரி உடைந்தது. நானும் பின்னால் ஓடினேன். பாத்தியில் மிதிக்கக் கூடாது, ஒரு வாரத்து உப்பு பாழாகும். அன்றைக்கு யாருக்கு அது ஞாபகம்?

ஏற்றக்காலுக்குப் பக்கத்தில் தம்பி உட்கார்ந்திருந்தான். வலது கை பின்பக்கமாக நீண்டிருந்தது. மணிக்கட்டிலிருந்து ஏற்றக்கால் வரைக்கும் ஒரு சிவப்பு நூல், தறியில் இழுத்துக் கட்டின பாவு நூல் மாதிரி விறைத்து நின்றது. இடது கையைக் கிணற்றுக்குள் நீட்டிக்கொண்டிருந்தான், பூசாரி கயிறும் மாதா கயிறும் ஹஜ்ரத் கயிறும் கட்டின கை. அவன் கால் கட்டைவிரல் கிணற்று விளிம்பில் இருந்தது. கீழே தண்ணீரில் நுங்கு வண்டி மிதந்துகொண்டிருந்தது. அவன் விரலுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண்தான். நூலின் நீளம் அவ்வளவுதான்.

அவன் அழவில்லை. எங்களைப் பார்த்துவிட்டு, "வுட மாட்டேங்குது" என்று புகார் சொன்னான்.

அம்மா அவனை வாரிக் கட்டிக்கொண்டு அங்கேயே விழுந்தாள். அப்போதுதான் அவளுக்குக் குரல் வந்தது. அந்த மாதிரி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. உள்ளங்காலெல்லாம் கிழிந்து ரத்தம், அதில் உப்பு. அவளுக்கு அது தெரியவே இல்லை. நான் நூலைத் தொட்டுப் பார்த்தேன். நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. தம்பியின் சட்டை, கை, தலை எல்லாம் காய்ந்து சூடாக இருந்தன.

அப்பா எங்கிருந்தோ ஓடிவந்து, பழக்கதோஷத்தில் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்தார். "அதுல கைய வைக்காதீங்க" என்றாள் அம்மா. அப்படி அவரிடம் அவள் பேசி நான் கேட்டதில்லை. ஏற்றக்காலில் இருந்த முடிச்சை அவளே அவிழ்த்தாள். மணிக்கட்டு முடிச்சைத் தொடவில்லை. தொங்கின நூலை அவன் கையிலேயே சுற்றிவிட்டு, "அவளக் கூட்டிட்டு வாங்க. இப்பவே" என்றாள்.

அப்பா கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்த குடிசைகளுக்குப் போனார். அவள் குடிசையில் ஒரு உடைந்த சட்டியைத் தவிர ஒன்றும் இல்லை. எங்கே போனாள் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் மேஸ்திரியிடம் சொல்ல மனசில்லாமல் இருந்திருக்கலாம், யார் குற்றம்? அன்றைக்கே அப்பா யாரையும் கேட்காமல் பனம்பலகை அடித்துக் கிணற்றைச் சுற்றி வேலி போட்டார். அதற்குப் பிறகு தம்பி கையில் புதுக் கயிறு எதுவும் வரவில்லை. அத்தை அந்த வருஷமே ஊருக்குத் திரும்பிப் போய்விட்டாள். நுங்கு வண்டியை யாரும் எடுக்கவில்லை. மழைக்காலம் வரைக்கும் அது கிணற்றில் மிதந்துகொண்டிருந்தது, மேலெல்லாம் உப்புப் பூத்து வெள்ளையாக.

இடது கைக் கயிறுகள் ஒவ்வொன்றாக நைந்தபோது, முறைப்படி அம்மா அவற்றைக் கால்வாயில் ஓடுகிற தண்ணீரில் விட்டாள். சிவப்பு நூல் ஐப்பசி மழையில், ஒரு இடத்தில் தேய்ந்து தானாக அறுந்து விழுந்தது. முடிச்சு மட்டும் அப்படியே இருந்தது. அதைத் தண்ணீரில் விடலாமே என்று அப்பா கேட்டார். "இது வுடறதுக்கு இல்ல, குடுக்கறதுக்கு" என்று சொல்லி, குங்கும டப்பாவில் போட்டு மூடினாள்.

கொடுக்க ஆள்தான் கிடைக்கவில்லை. அம்மா தேடாத இடமில்லை. உப்பு சுமக்கிற பெண்கள் கூட்டமாக வந்தால் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். ஒரு தரம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஒல்லியான பெண்ணின் பின்னால் எங்களை விட்டுவிட்டு ஓடினாள். திரும்பி வந்து, "அவ இல்ல" என்று மட்டும் சொன்னாள். வயசாகி, பெயர்கள் எல்லாம் மறந்துபோன பிறகும் அந்த ஏந்தின கையை அவள் மறக்கவில்லை. "என் கை நீண்டுச்சு இல்ல? நீ பாத்த இல்ல?" என்று என்னைக் கேட்பாள். பார்த்தேன்மா என்பேன். அதைக் கேட்டால் கொஞ்சம் தூங்குவாள்.

போன வருஷம் அம்மா போய்விட்டாள். போவதற்கு முன் என்னையும் தம்பியையும் பக்கத்தில் கூப்பிட்டாள். "அந்த நூல என் கையில கட்டி அனுப்புங்க. அவ இருக்காளோ இல்லையோ, அந்தப் பொண்ணு அங்க இருக்கும். நான் கையோட குடுத்துடறேன்."

குளிப்பாட்டி, புதுப் புடவை சுற்றிப் படுக்க வைத்திருந்தோம். குங்கும டப்பாவைத் திறந்தேன். நூல் சாயம் போய் வெளிர்ந்திருந்தது, உப்பு ஏறி விறைப்பாக இருந்தது. அறுந்த வளையமும் தொங்கின வாலும் சேர்ந்து பெரியவர் கையைச் சுற்றப் போதுமான நீளம். தம்பி கை நீட்டி அதை வாங்கிக்கொண்டான். அவன் இப்போது தலை நரைத்த ஆள், பேரன் பேத்தி எடுத்தவன். அந்தக் கிணறும் நுங்கு வண்டியும் அவனுக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன், இல்லக்கா என்றுதான் சொல்வான். வலது கையில் வாட்ச்சோ கயிறோ எதுவும் கட்டிக்கொண்டதில்லை, அவ்வளவுதான்.

"நான் கட்றேன் குடுடா, உனக்கு ஒரு மூட்டை கட்டத் தெரியாது" என்றேன். தெரியாதுதான். ஒரு கல்யாணத்தில் அவன் கட்டின வாழைமரம் மாப்பிள்ளை மேல் சாய்ந்த கதை எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். அவன் கேட்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நூலைச் சுற்றினான். விரல்கள் மட்டும் தனியாக வேலை செய்தன. முனையை உள்ளே வாங்கி, இடது பக்கமாகத் திருப்பி, மறுபடி உள்ளே விட்டு. பழைய முடிச்சுக்குப் பக்கத்தில் புது முடிச்சு. இரண்டையும் பார்த்தேன். ஊசி முனையில் வாழ்ந்தவள் நான், என் கண் ஏமாறாது. எது எது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

"யார்ரா உனக்கு இதச் சொல்லிக் குடுத்தது?"

"எத?"

"இந்த முடிச்ச."

அவன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரல் நுனிகள் ஈரமாக இருந்தன. அம்மாவைக் குளிப்பாட்டின தண்ணீர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"தெர்லக்கா" என்றான். "கை அதுவா போட்டுச்சு."

வெளியே தூக்குவதற்கு ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். நான் அம்மாவின் கையை எடுத்து, நூலின் முனையைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தேன். இறுகவில்லை.